கிரிம்பில்பி வகையறா

கிரிம்பில்பி: ...ஆறரை அடி. வாசல் நெலைக்குள்ள குனிஞ்சுதான் நொழைவாரு எங்க கிரிம்பில்பி துரை. தோள்ல ரெட்டைக்குழல் துப்பாக்கி. அவரு வட்டக்கானல்ல இருமுனா பேத்துப்பாறையில புலி படுத்துக்குமாம்.

ஹம்ஃப்ரி: ஏலே, பொறு பொறு. எங்கிட்ட இருக்க போட்டோவுல அவரு அஞ்சடிதான். பக்கத்துல ஒரு கழுதை நிக்குது. அது அவர விட ஒசரம்.

கிரிம்பில்பி: போட்டோவ தூரத்துல நின்னு எடுத்திருப்பாங்க.

ஹம்ஃப்ரி: கழுதையும் அதே தூரத்துலதானே நிக்குது?

முருகேஸ்வரி: அண்ணே... இந்த 'ஏலே' மட்டும் வேணாம்ணே. மாப்பிள்ளைக்கு அப்பாவப் பாத்து ஏலேன்னா எங்கண்ணன்மாரு வேன விட்டு எறங்காமலே திரும்பிருவாங்க.

ஹம்ஃப்ரி: மன்னிச்சுக்க தாயி. பதினாலு வயசு வரைக்கும் இதே கொடைக்கானல்ல போர்டிங் ஸ்கூல். எங்கப்பா அம்மா கீழ மிஷன் ஆஸ்பத்திரியில டாக்டருங்க. நான் தமிழ் கத்துக்கிட்டது ஹாஸ்டல் சமையக்கட்டுல. அங்க ஒருத்தனும் எனக்கு 'ங்க' சொல்லித் தரல.

கிரிம்பில்பி: விடு முருகேசு. அண்ணன் தம்பிக்குள்ள என்ன ஏலே, என்ன ங்க. ரெண்டு பேரும் கிரிம்பில்பி. ஒரே வம்சம்.

முருகேஸ்வரி: ம்... வம்சம். சரி, அத அப்புறம் பேசுவோம். நிச்சயத்துக்கு வர்ற வேன் தாண்டிக்குடி தாண்டிருச்சாம். எங்கண்ணன்மாரு வந்த ஒடனே கேக்கப் போற மொதக் கேள்வி, 'இங்கிலாந்துக்காரரு எப்படிச் சம்மந்தியா அமைஞ்சாரு'ன்னுதான். ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்கங்க. ஆளுக்கொண்ணு மாத்திப் பேசுனா அவங்களுக்கு ஆகாது.

கிரிம்பில்பி: நான் சொல்றேன். ஆயிரத்தித் தொள்ளாயிரத்துல துரை குதிரையேறி...

முருகேஸ்வரி: நீங்க வேணாம். அண்ணன் சொல்லட்டும்.

ஹம்ஃப்ரி: எனக்கு இங்கிலாந்துல மூட்டு ஆபரேசன். மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறக்குறேன். ஒரு நர்சுப் பையன் குனிஞ்சு நாடி பாக்குறான். சட்டையில பேர் அட்டை தொங்குது. படிக்கிறேன்... கிரிம்பில்பி! சரி, செத்துட்டோம், முன்னோருங்க கூப்பிட வந்துட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா ஏன் கறுப்பா இருக்காங்கன்னு ஒரு சந்தேகம்.

கிரிம்பில்பி: ஹஹ்ஹா... அதான் என் மகன் அஜித்குமாரு!

ஹம்ஃப்ரி: கிரிம்பில்பின்னா சும்மாவா? அவ்வளவு பெரிய இங்கிலாந்துல இந்தப் பேருக்கு மொத்தமே பத்துப் பன்னெண்டு பேருதான் இருக்கோம். டெலிபோன் புக்குல கூட கெடையாது. அதுல ஒருத்தன் எனக்கு ஊசி போட நிக்கிறான்!

முருகேஸ்வரி: அது பாஸ்போர்ட்டால வந்த வினைண்ணே. சர்நேம்னு ஒரு கட்டம் போட்டிருந்தான். நமக்கு ஏது சர்நேமு? நம்ம பிள்ளைக எல்லாம் அதுல அப்பா பேரத்தான் எழுதுது. இவனும் எழுதிட்டான்.

கிரிம்பில்பி: வினையாடி அது? வம்சம்!

முருகேஸ்வரி: நீங்க சொல்லுங்கண்ணே. பெறகு?

ஹம்ஃப்ரி: பெறகு, எங்க சங்கத்து வருசக் கூட்டத்துக்கு அவனக் கூப்பிட்டேன். கிரிம்பில்பி குடும்பச் சங்கம். நான்தான் செக்ரட்டரி. அன்னைக்கு டீ ஊத்துனது எம்மக டாஃப்னி. அஜித்து ஆறு கப் டீ குடிச்சான்.

முருகேஸ்வரி: அவன் வீட்டுல டீயே குடிக்க மாட்டானே!

ஹம்ஃப்ரி: ஆறாவது கப்புலதான் எனக்கும் சந்தேகம் வந்துச்சு.

கிரிம்பில்பி: அந்தச் சங்கத்துல நானும் சேரலாமாண்ணே?

ஹம்ஃப்ரி: சேத்தாச்சு. நீ போன்ல சொன்ன கதைய அப்படியே எங்க பத்திரிகையில போட்டுட்டேன். துரைக்கும் பேத்துப்பாறைப் பொண்ணுக்கும் காதல், அவங்களுக்குப் பொறந்த பையன் உங்க தாத்தா... உன் படம், நீ வாடகைக்கு விடுற இந்தக் காட்டேஜ் படம், எல்லாம் கலர்ல.

கிரிம்பில்பி: கலர்லயா!

ஹம்ஃப்ரி: ஆனா கண்டவங்களச் சேக்க மாட்டோம். ரத்தம் வேணும். போன வருசம் ஒரு கிழவி வந்தா. கேக்கெல்லாம் செஞ்சு எடுத்துட்டு வந்தா பாவம். விசாரிச்சா, அவ தாத்தா கிரிம்பில்பி வீட்டுல வளந்தவரு. பொறந்தவரு இல்ல. சட்டம் சட்டந்தான்னு கேக்க வாங்கிக்கிட்டு ஆள அனுப்பிட்டோம்.

முருகேஸ்வரி: கேக்க வாங்கிக்கிட்டா?

ஹம்ஃப்ரி: நல்ல கேக்.

முருகேஸ்வரி: ஏண்ணே, வளந்தா வம்சத்துல சேத்தி இல்லையா?

ஹம்ஃப்ரி: அது... சங்கத்துச் சட்டம் தாயி. இன்னும் கொஞ்சம் டீ இருக்குமா?

கிரிம்பில்பி: நம்ம பூர்வீகத்தச் சொல்லுங்கண்ணே. அவ அண்ணன்மாரு காதுல விழட்டும். எப்பப் பாத்தாலும் அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்பு, மருதாநதித் தண்ணின்னு பீத்திக்கிறாய்ங்க.

ஹம்ஃப்ரி: லிங்கன்ஷயர்ல கிரிம்பில்பின்னு ஒரு ஊரு இருந்துச்சு. ஊருப் பேரு 'பி'ன்னு முடிஞ்சா, ஆயிரம் வருசத்துக்கு முந்தி வடக்க இருந்து படகுல வந்தவங்க போட்ட ஊருன்னு அர்த்தம். கிரிம்பில்னு ஒருத்தன் வந்து எறங்கி வேலி போட்டான். ஊரு வந்துச்சு. பெறகு வெள்ளம் வந்துச்சு, ஊரு போச்சு. பொழைக்கப் போனவங்க எல்லாம் ஊருப் பேரையே பேராக்கிக்கிட்டாங்க. இப்ப அங்க ஒரு சர்ச் சுவரும் நாலு ஆடும்தான் கெடக்கு.

கிரிம்பில்பி: கேட்டியா முருகேசு? ஆயிரம் வருசம்! ஏண்ணே, நெலம் நஞ்சையா, புஞ்சையா?

ஹம்ஃப்ரி: சகதி.

கிரிம்பில்பி: சகதின்னா... நஞ்சை மாதிரிதான்.

ஹம்ஃப்ரி: அந்த வம்சம் எங்கூட முடிஞ்சிருக்கணும். எனக்கு ஒரே பொண்ணு. அவ வேற எவனையாவது கட்டிக்கிட்டா ஸ்மித்தாவோ ஜோன்ஸாவோ போயிருப்பா. இப்பப் பாரு, கல்யாணத்துக்கு முந்தியும் கிரிம்பில்பி, பிந்தியும் கிரிம்பில்பி! கையெழுத்தக் கூட மாத்த வேணாம். இங்கிலாந்துல இப்படி யோகம் எந்த அப்பனுக்கும் அடிக்காது.

கிரிம்பில்பி: அதுக்கு மேல ஒண்ணு இருக்குண்ணே. எங்க வழக்கத்துல பேரனுக்குத் தாத்தா பேரு. எங்க தாத்தா கிரிம்பில்பி, அப்பா கந்தவேலு, நான் மறுபடி கிரிம்பில்பி. அஜித்துக்கு மட்டும் ஆசைப்பட்டு சினிமாப் பேரு வச்சுட்டோம். நாளைக்கு இதுகளுக்கு ஒரு பையன் பொறந்தான்னா...

ஹம்ஃப்ரி: சர்நேமு இல்லாம, பேரே கிரிம்பில்பியா?

கிரிம்பில்பி: பேரே அதான்!

ஹம்ஃப்ரி: ஏலே... சந்தோசத்துல கண்ணுல தண்ணி வருதுலே... வருதுங்க.

முருகேஸ்வரி: அழுது முடிச்சிட்டீங்களாண்ணே? நான் ஒண்ணு கேக்கணும்.

ஹம்ஃப்ரி: கேளு தாயி.

முருகேஸ்வரி: கிரிம்பில்பின்னா எல்லாரும் ஒரே ரத்தம்னு சொல்றீங்க. நெசந்தானே?

ஹம்ஃப்ரி: ஒரே ரத்தம்.

முருகேஸ்வரி: ஏங்க, நீங்களும் துரை ரத்தம். அப்பன் வழி. அதுவும் நெசந்தானே?

கிரிம்பில்பி: இதென்ன புதுசாக் கேக்குற? முப்பது வருசமா நம்ம காட்டேஜுக்கு வர்ற டூரிஸ்ட்டுங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்? துரை ரத்தந்தான்!

முருகேஸ்வரி: சரி. அப்ப தட்டு மாத்த முடியாது. நான் எங்கண்ணனுக்குப் போன் போட்டு வேனத் திருப்பச் சொல்றேன்.

கிரிம்பில்பி: ஏய்... ஏய், போன வையி! என்ன பேசுற?

ஹம்ஃப்ரி: ஏன் தாயி? டாஃப்னி ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?

முருகேஸ்வரி: அது தங்கமான பிள்ளை. இப்பக் கூட அஜித்தோட கடைவீதியில எனக்காக மல்லிகைப்பூவு பேரம் பேசிக்கிட்டு இருக்கும். தப்பு உங்க ரத்தத்துல இருக்கு. அப்பன் வழியில ஒரே வம்சம்னா என்ன பேரு? பங்காளி! பங்காளி பிள்ளைக என்ன மொறை? அண்ணன் தங்கச்சி! அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நான் தட்டு மாத்தணுமா?

ஹம்ஃப்ரி: தாயி, அந்தத் துரை செத்தே எம்பது வருசத்துக்கு மேல ஆச்சு!

முருகேஸ்வரி: எண்ணூறு வருசம் ஆனாலும் பங்காளி பங்காளிதான்.

கிரிம்பில்பி: இந்நேரத்துக்கு ரத்தமெல்லாம் நீத்துப் போயிருக்கும்டி.

முருகேஸ்வரி: நீத்துப் போக அது என்ன கடைப் பாலா?

கிரிம்பில்பி: இரு, இரு. நீ மூணு நாளா அவர எப்படிக் கூப்பிடுற? அண்ணேன்னுதான? உனக்கு அண்ணன்னா அவரு மக நமக்கு மருமக. மொறை சரியாப் போச்சுல்ல?

முருகேஸ்வரி: அது மருவாதைக்குக் கூப்பிட்டது. ஒரே ரத்தம்னு இப்பத்தான ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னீங்க? அவரு உங்களுக்கு மூத்தவரு. உங்களுக்கு அண்ணன்னா எனக்கு மூத்தாரு. இந்தா, எந்திரிச்சு நின்னுட்டேன். மூத்தார் முன்னாடி எங்க ஊர்ல பொம்பளைங்க உக்கார மாட்டோம்.

ஹம்ஃப்ரி: உக்காரு தாயி...

முருகேஸ்வரி: வேணாம் மூத்தாரே.

ஹம்ஃப்ரி: ஐயோ, அப்படிக் கூப்பிடாத. அண்ணேன்னு கூப்பிடும்போது நல்லா இருந்துச்சு.

கிரிம்பில்பி: முருகேசு... செத்த இங்க வா. உங்கிட்டத் தனியா ஒண்ணு சொல்லணும்.

முருகேஸ்வரி: தனியான்னா எங்க போக? அந்த ரூம்புல சமையக்காரங்க, இந்த ரூம்புல பலகாரம். இங்கயே சொல்லுங்க.

கிரிம்பில்பி: அவருக்குத் தமிழ் தெரியுமேடி.

முருகேஸ்வரி: அப்ப இங்கிலீஷுல சொல்லுங்க.

கிரிம்பில்பி: அது அவருக்கு இன்னும் நல்லாத் தெரியும்!

ஹம்ஃப்ரி: நான் வேணா காதப் பொத்திக்கிறேன்.

கிரிம்பில்பி: வேணாம்ணே... சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அதாவது... ஒருவேளை... துரைக்குப் பிள்ளையே இல்லாம இருந்திருந்தா?

ஹம்ஃப்ரி: என்னது?

கிரிம்பில்பி: ஒருவேளைன்னேன்.

ஹம்ஃப்ரி: ஏலே, பத்திரிகையில போட்டாச்சுலே! கலர்ல! நானே தலையங்கம் எழுதியிருக்கேன், 'பழனி மலையில் நம் ரத்தம்'னு!

கிரிம்பில்பி: இல்லண்ணே, இல்ல... ரத்தந்தான், ரத்தந்தான்.

முருகேஸ்வரி: அப்பப் பங்காளிதான். போன எடுங்க.

கிரிம்பில்பி: கொஞ்சம் பொறுடி! இந்தப் பக்கம் போனா அவரு முறைக்கிறாரு, அந்தப் பக்கம் போனா நீ முறைக்கிற... பையனுக்கு என்ன பதில் சொல்றது? அந்தப் பிள்ளை இல்லன்னா ஒடைஞ்சு போயிருவான். இங்கிலாந்துல மொத ரெண்டு வருசம் தனியாக் கெடந்து, ராத்திரி போன்ல பேசாம மூச்சு மட்டும் விடுவான், ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அவ வந்துதான் அவன் சிரிச்சான்.

முருகேஸ்வரி: எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வேன் பெருமாள்மலைக்கு வந்துருச்சாம், இந்தா மெசேஜ். வெரசாச் சொல்லுங்க. ரத்தமா, இல்லையா?

கிரிம்பில்பி: ...இல்ல.

ஹம்ஃப்ரி: என்ன இல்ல?

கிரிம்பில்பி: ரத்தம் இல்லண்ணே. ஒரு சொட்டு கூட இல்ல. காதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க தாத்தாவ... தவிட்டுக்கு வித்தாங்க.

ஹம்ஃப்ரி: தவிடுன்னா... மாட்டுக்குப் போடுறதா?

கிரிம்பில்பி: அதேதான். எங்க தாத்தாவப் பெத்தவளுக்கு அவருக்கு முன்னாடி பொறந்த நாலும் தங்கல. பொறந்து பொறந்து போயிருச்சு. அஞ்சாவதா இவரு. இப்படிப் பிள்ளை தங்காத வீட்டுல ஒண்ணு செய்வாங்க. பிள்ளையக் கொண்டுபோய் அடுத்தவங்களுக்கு ஒரு படி தவிட்டுக்கு வித்துட்டு, அவங்க பேரையே பிள்ளைக்கு வச்சிருவாங்க. எமன் வந்து தேடுனா, இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லன்னு ஏமாந்து போயிருவான்.

ஹம்ஃப்ரி: அதுக்கு எதுக்கு ஒரு இங்கிலீஷ்காரன்?

கிரிம்பில்பி: உள்ளூர்க்காரங்ககிட்ட வித்தா எமன் அங்கயும் வருவான்ல? அவனுக்கு உத்தரவு இல்லாத வீடு எதுன்னு யோசிச்சிருக்காங்க. வெள்ளைக்காரன் வீடு! எந்த எமன் துரை பங்களா கேட்டத் தாண்டுவான்?

ஹம்ஃப்ரி: துரைகிட்டத் தவிடு ஏது?

கிரிம்பில்பி: அவருக்கு... பன்னிப் பண்ணைண்ணே. காப்பி போட்டாரு, வெளங்கல. பன்னி வளத்து கிளப்புக்குக் கறி அனுப்பிக்கிட்டு இருந்தாரு. வீடு பூரா தவிட்டு மூட்டை.

ஹம்ஃப்ரி: அந்தத் துப்பாக்கி?

கிரிம்பில்பி: பன்னி முடுக்குற கம்பு.

ஹம்ஃப்ரி: ஆறரை அடி?

கிரிம்பில்பி: அந்தக் கழுதை சொல்றதுதான் சரி.

ஹம்ஃப்ரி: அவரு கொழந்தைய வாங்கிக்கிட்டாரா?

கிரிம்பில்பி: எங்க வாங்குனாரு! அவருக்கு ஒண்ணும் புரியல. வீட்டுப் பன்னிக்குத் தவிடு கேக்குறா போலன்னு ஒரு படி அளந்து கொடுத்திருக்காரு. இவ பிள்ளைய அவரு காலடியில போட்டுட்டு, தவிட்ட மடியில கட்டிக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டா. திரும்பிப் பாத்தா சாங்கியம் பலிக்காதுல்ல? துரை பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கத்திக்கிட்டே பின்னாடி ஓடி வர்றாரு. இவ இன்னும் வேகமா நடக்குறா. பேத்துப்பாறை எல்லை வரைக்கும் ஓடியிருக்காரு மனுசன். பிள்ளையக் குடுத்துட்டு, பேரு என்னன்னு இவங்க கேக்க, கிரிம்பில்பின்னு மூச்சு வாங்கச் சொல்லிட்டு அங்கயே உக்காந்துட்டாராம். அந்தப் பேருதான் தாத்தாவுக்கு. தாத்தா தொண்ணூறு வருசம் இருந்தாரு.

ஹம்ஃப்ரி: தொண்ணூறா?

கிரிம்பில்பி: எமன் வந்தே பாக்கல.

ஹம்ஃப்ரி: அப்ப எதுக்குலே என்கிட்ட வேற கதை சொன்ன?

கிரிம்பில்பி: ஸ்கூல்ல என்னத் 'தவிட்டான் பேரன்'னு கூப்பிடுவாய்ங்கண்ணே. அழுதுக்கிட்டு வருவேன். ஒருநா ஒரு டூரிஸ்ட்டு பேரக் கேட்டுட்டு, 'ஓ, துரை ஃபேமிலியா'ன்னான். ஆமான்னு தலைய ஆட்டுனேன். அவ்வளவுதான். ஆட்டுன தலைய நிறுத்தவே முடியல. வருசத்துக்கு அரை இஞ்சா துரைய வளத்து ஆறரை அடிக்குக் கொண்டுவந்துட்டேன். வெக்கமாத்தான் இருக்கு. என்னச் சங்கத்த விட்டு நீக்கிருங்க. கேக் வேணும்னா கடையில வாங்கித் தாரேன்.

ஹம்ஃப்ரி: கேக் பேச்ச எடுக்காதலே.

கிரிம்பில்பி: முருகேசு, கேட்டுக்கிட்டியா? மானம் போச்சு, ஆனா பங்காளியும் போச்சு. உக்காரு. தட்ட எடு.

முருகேஸ்வரி: எப்படிப் போகும்?

கிரிம்பில்பி: என்னடி, எப்படிப் போகும்?

முருகேஸ்வரி: வித்தது நெசந்தானே? வாங்குனது துரை. பேரு வச்சது துரை. வாங்குன பிள்ளை வாங்குனவரு வம்சந்தான? பெத்தாத்தான் பிள்ளையா?

கிரிம்பில்பி: அடியே, அது சாங்கியத்துக்கு வித்தது! ஒரு படி தவிடு!

முருகேஸ்வரி: ஒரு படியோ, ஒரு மூட்டையோ. வாங்குனா வாங்குனதுதான். நீங்க சொல்லுங்க மூத்தாரே, உங்க சங்கத்துச் சட்டத்த விடுங்க. மனசத் தொட்டுச் சொல்லுங்க. பெத்தாத்தான் பிள்ளையா?

ஹம்ஃப்ரி: இல்ல தாயி. வளத்தாலும் பிள்ளைதான்.

முருகேஸ்வரி: வம்சத்துல சேத்தியா?

ஹம்ஃப்ரி: சேத்தி. பெத்ததுக்கு ஒரு பிடி மேல.

முருகேஸ்வரி: அவ்வளவுதான். பங்காளி. போன எடுக்குறேன்.

கிரிம்பில்பி: அண்ணே, என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க! அந்தக் கேக்குக் கிழவிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

ஹம்ஃப்ரி: போன வையி தாயி. ஒண்ணு இருக்கு. நானும் ஒண்ணு சொல்லணும்... டாஃப்னி நாங்க பெத்த பிள்ளை இல்ல.

கிரிம்பில்பி: என்னது!

ஹம்ஃப்ரி: எங்களுக்குப் பிள்ளை இல்ல. ஒரு மாசக் கொழந்தையா அவளத் தூக்கிட்டு வந்தோம். பெத்தவங்க யாருன்னு எங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் இந்த ஊருல வளந்தவன். பொண்ணு பாக்கும்போது மொதல்ல என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். யாரு பெத்த பிள்ளைன்னுதான் கேப்பாங்க. அதான் தாலி கட்டுற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.

கிரிம்பில்பி: சங்கத்து செக்ரட்டரி! ரத்தம் வேணும், ரத்தம் வேணும்னு...

ஹம்ஃப்ரி: சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியாது. என் ரத்தம் கெட்டியா இருக்குன்னு காட்டத்தான் அந்தக் கிழவிய வெளிய அனுப்புனேன். ராத்திரியெல்லாம் தூங்கல.

கிரிம்பில்பி: கேக்கு?

ஹம்ஃப்ரி: அதையும் நான் சாப்பிடல. சும்மா சொன்னேன்... இங்க பாரு தாயி. அவ என் மக. அவ மொத நா ஸ்கூலுக்குப் போனப்ப நான்தான் கேட்டுல நின்னு அழுதேன், அவ அழல. அவளப் பத்தி யாராவது ஒரு வார்த்தை கொறைவாப் பேசுனா, சம்பந்தமும் வேணாம், பேரும் வேணாம்னு இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன். வம்சம் சகதியிலயே கெடக்கட்டும்.

கிரிம்பில்பி: யாருண்ணே பேசப் போறா? எம்மருமகளப் பேச எவனுக்கு வாயி இருக்கு? சும்மா உக்காருங்க... அட, இதுல நல்லது ஒண்ணு இருக்குல்ல! எனக்கும் துரை ரத்தம் இல்ல, அவளுக்கும் உங்க ரத்தம் இல்ல. அப்பறம் ஏது பங்காளி? முடிஞ்சது சோலி! முருகேசு, தட்டு!

ஹம்ஃப்ரி: ஆனா இப்பத்தானே வளத்தாலும் வம்சந்தான்னு ஒத்துக்கிட்டேன்...

கிரிம்பில்பி: ஆமால்ல... இருங்க. எங்க தாத்தா வாங்குன பிள்ளை. துரை வம்சம். டாஃப்னியும் எடுத்து வளத்த பிள்ளை. உங்க வம்சம். ரெண்டு வம்சமும் ஒண்ணு. அப்ப... அப்ப மறுபடியும்...

ஹம்ஃப்ரி: பங்காளி!

கிரிம்பில்பி: அய்யோ, முருகா! சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்குதே!

ஹம்ஃப்ரி: நான் வேணா பேர மாத்திக்கிறேன். ஸ்மித்னு வச்சுக்கிறேன். இப்பவே எழுதித் தாரேன்.

கிரிம்பில்பி: நீங்க எதுக்குண்ணே? நான் மாத்திக்கிறேன். தவிடன்னு வச்சுக்கிட்டாக் கூட எனக்குச் சம்மதம். காட்டேஜ் வாசல்ல தொங்குற பேர் போர்டக் கழட்டிருவோம்... ஏய், அது என்ன ஹாரன் சத்தம்?

ஹம்ஃப்ரி: வேன். வளைவுல திரும்புது. ஜன்னல்ல எட்டிப் பாத்துக் கை காட்டுறாங்க.

கிரிம்பில்பி: வந்துட்டாய்ங்க! முருகேசு, என் ராசாத்தி, எங்கிட்ட வேற பொய் இல்ல, அவருகிட்டயும் இல்ல. உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். ஒரு வழி சொல்லுடி!

முருகேஸ்வரி: கைய எறக்குங்க. பேரு ஒண்ணா இருந்தா பங்காளின்னு உங்களுக்கு எந்த ஊருல சொல்லிக் குடுத்தாங்க? குலசாமி ஒண்ணா இருந்தாத்தான் பங்காளி. நமக்குக் கருப்பசாமி, அவருக்கு ஏசுசாமி, இது வேன்ல வர்ற எங்கண்ணன் பேரனுக்குக் கூடத் தெரியும். தவிட்டுக் கதைய உங்க ஆத்தா நான் வாக்கப்பட்டு வந்த மொத வாரமே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் முப்பது வருசமா துரை கதைக்கு 'ம்' கொட்டிக்கிட்டு இருந்தேன். டாஃப்னி, அஜித்துக்குச் சரின்னு சொல்றதுக்கு முந்தி எனக்குத்தான் போன் போட்டுச்சு. அரைகுறைத் தமிழ்ல, 'என்னப் பெத்தவங்க யாருன்னு தெரியாது, உங்களுக்குச் சம்மதமா அத்தை'ன்னு கேட்டுச்சு. பெத்தவங்க எனக்கெதுக்கு, நீ போதும்னேன். அந்தப் பிள்ளைக்கு இருந்த தைரியம் உங்க ரெண்டு பேருக்கும் இருக்கான்னு மூணு நாளாப் பாத்துக்கிட்டே இருந்தேன், வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் ஆயிருச்சு. ம்... எந்திரிங்க ரெண்டு பேரும். கண்ணத் தொடச்சுட்டு, வாசலுக்குப் போய் எங்கண்ணன்மார வாங்கன்னு கூப்பிடுங்க. நான் தட்டுல வெத்தலை வைக்கிறேன்.